மோகா கனெக்‌ஷன் அடிக்கடி கட் ஆகிறதா? கோஆக்ஸ் வயரில் கோளாறைப் பிடிக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ கொஞ்சம் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அறைக்கு அறை ஈதர்நெட் வயர் இருக்காது, ஆனால் டிவிக்கென்று இழுத்த கோஆக்ஸ் கேபிள் ஹால், படுக்கையறை, பேஸ்மென்ட் என்று எல்லாச் சுவரிலும் எட்டிப் பார்க்கும். அந்த வயரிலேயே வீட்டு நெட்வொர்க்கை ஓட்டுவதுதான் மோகா. ரவுட்டர் பக்கத்தில் ஒரு அடாப்டர், மாடி அறையில் ஒரு அடாப்டர், நடுவில் ஏற்கெனவே சுவருக்குள் கிடக்கும் வயர், அவ்வளவுதான். 2016-இல் வந்த மோகா 2.5 தரம் 2.5 கிகாபிட் வரை போகும், தாமதமும் சில மில்லிசெகண்ட்தான். ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே மறந்துவிடும்.

ஒழுங்காக ஓடாதபோதுதான் பிரச்சினை. நாங்கள் நியூஜெர்சியில் இருக்கும் வீடு தொண்ணூறுகளில் கட்டியது. மோகா போட்ட முதல் மாதம் அருமையாக ஓடியது, அப்புறம் நாளுக்கு நாலைந்து தடவை இருபது முப்பது விநாடி கட் ஆக ஆரம்பித்தது, அதுவும் சரியாக நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது. அடாப்டரை மாற்றினேன், மாறவில்லை. ரவுட்டரை மாற்றினேன், மாறவில்லை. மூன்று வாரம் கழித்து பேஸ்மென்ட் கூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, விட்டத்தோடு ஆணி அடித்து வைத்த ஒரு பழைய ஸ்பிளிட்டரும் (ஒரு வயரைப் பல அறைகளுக்குப் பிரிக்கும் குட்டிப் பெட்டி) அதில் தொங்கிய ஒரு கனெக்டரும்தான் காரணம் என்று தெரிந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடாப்டர் கெட்டுப்போவது குறைவு, கோளாறு பெரும்பாலும் வயரிலும் ஸ்பிளிட்டரிலும் கனெக்டரிலும்தான் இருக்கும். கீழே மூன்றாவது படி முடியும்வரை ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள்.

முதலில் சிக்னல் போகும் வழி

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேபிள் டிவியும் கேபிள் இன்டர்நெட்டும் பெரும்பாலும் 5 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் ஓடுகின்றன. மோகா அதற்கு மேலே, 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டும் ஒரே வயரில் சண்டையில்லாமல் இருப்பது இதனால்தான். ஆனால் உங்கள் வீட்டில் வயர் இழுத்தவர் 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன தேவையோ அதை மட்டும் மனதில் வைத்து இழுத்திருக்கிறார். டிவி நன்றாகத் தெரிகிறது என்பதால் வயர் மோகாவுக்கும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, திசை. டிவி சிக்னல் தெருவிலிருந்து உள்ளே வந்து ஸ்பிளிட்டரில் பிரிந்து அறைகளுக்குப் போகும். மோகா அறையிலிருந்து அறைக்குப் போக வேண்டும், அதாவது ஸ்பிளிட்டரின் ஒரு வெளி முனை வழியாக நுழைந்து இன்னொரு வெளி முனை வழியாக இறங்க வேண்டும். சாதாரண ஸ்பிளிட்டர் அந்த வழியை முடிந்தவரை அடைத்து வைக்கத்தான் செய்யப்பட்டது, ஒரு டிவியின் இரைச்சல் பக்கத்து டிவிக்குப் போகக்கூடாது என்பதற்காக. அடைத்த கதவின் இடுக்கு வழியாகத்தான் நம் மோகா புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடுக்கு கொஞ்சம் குறைந்தாலும் கனெக்‌ஷன் தள்ளாட ஆரம்பிக்கும்.

படி 1: எது கட் ஆகிறது என்று பாருங்கள்

"நெட் போய்விட்டது" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் பிடிக்க முடியாது. மாடி அறையில் லேப்டாப்பை மோகா அடாப்டரோடு ஈதர்நெட் வயரில் நேராக இணையுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு கட்டளை ஜன்னல்கள் திறந்து, ஒன்றில் ரவுட்டரை (பல வீடுகளில் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரியை நிற்காமல் பிங் செய்ய (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்க) விடுங்கள். அரை நாளாவது ஓடட்டும், ஒரு நாள் ஓடினால் இன்னும் நல்லது.

இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வெளி முகவரி மட்டும் நின்றால் மோடத்தையோ இன்டர்நெட் கம்பெனியையோ பாருங்கள். (இதிலும் மோகாவுக்கு ஒரு பங்கு இருக்க வாய்ப்புண்டு, ஏழாவது படியில் வருகிறேன்.) ரவுட்டர் நிற்கும் அந்த நொடியில் அடாப்டரின் கோஆக்ஸ் விளக்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். விளக்கு அணைந்தாலோ மினுக்கினாலோ மோகா இணைப்பே போகிறது, வயர் பக்கம் தேட வேண்டும். விளக்கு அசையாமல் எரிகிறது, ஆனால் பிங் மட்டும் நிற்கிறது என்றால் ஈதர்நெட் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நான் மூன்று வாரத்தை விட்டேன்.

நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மழை பெய்யும்போது மட்டும் வருகிறதா, மதியம் வெயில் ஏறியபின் வருகிறதா, யாராவது டிவியை நகர்த்தியபோது வந்ததா. மழை என்றால் வீட்டு வெளிச்சுவர்ப் பெட்டியில் தண்ணீர், வெயில் என்றால் அட்டிக்கில் இருக்கும் இணைப்பு, நகர்த்தியபோது என்றால் லூசான கனெக்டர் என்று அங்கேயே பாதி ஊகிக்கலாம்.

படி 2: வயரைத் தொடுவதற்கு முன்

அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் ஈதர்நெட் வயரை மாற்றிப் பாருங்கள். கொக்கி உடைந்த வயர் பாதி வெளியே வந்து நிற்பது மிகச் சாதாரணம். அடாப்டரின் பவர் பிளக் அதனுடையதுதானா என்று பாருங்கள், ஒரே மாதிரி கறுப்பு பிளக்குகள் வீடு மாற்றும்போது இடம் மாறிப்போகும், வோல்ட் வேறாக இருக்கும். அடாப்டர் டிவிக்குப் பின்னால் காற்றில்லாமல் வெந்துகொண்டிருந்தால் வெளியே எடுங்கள்.

அப்புறம் லூப். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேபிள் கம்பெனிகள் தரும் கேட்வே பெட்டிகள் (மோடமும் ரவுட்டரும் ஒன்றாகச் சேர்ந்தவை) பலவற்றில் மோகா உள்ளேயே இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் கோஆக்ஸ் மாட்டியிருக்கிறது, அதன் மோகாவும் ஆனில் இருக்கிறது. நீங்கள் தனியாக ஒரு மோகா அடாப்டர் வாங்கி அதே பெட்டியின் ஈதர்நெட் ஓட்டையில் மாட்டி, அதையும் கோஆக்ஸில் இணைக்கிறீர்கள். இப்போது ஒரே இடத்துக்கு இரண்டு வழி. ஒரு வழியாகப் போன தகவல் இன்னொரு வழியாகத் திரும்பி வந்து, மறுபடி போய், சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க் முழுக்க அடைத்துக்கொள்ளும். விளக்குகள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கும், வைஃபையும் சேர்ந்து சாகும், ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி வரும். கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் மோகாவை அணையுங்கள், அல்லது ரவுட்டர் பக்க அடாப்டரைக் கழற்றிவிட்டு கேட்வேயின் மோகாவையே பயன்படுத்துங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

படி 3: மேஜை மேல் சோதனை

இரண்டு அடாப்டரையும் கழற்றி ஒரே மேஜையில் வையுங்கள். நடுவில் ஒரு நல்ல குட்டி கோஆக்ஸ் வயர், ஆறு அடி போதும். ஒன்றை ரவுட்டரில் மாட்டி, மற்றதை லேப்டாப்பில் மாட்டி, பழைய பிங்கை மறுபடி ஓட விடுங்கள், கட் ஆவதற்கு வழக்கமாக எவ்வளவு நேரமாகுமோ அதைவிட அதிக நேரம். இங்கேயும் கட் ஆனால் அடாப்டரோ பவர் பிளக்கோ கெட்டிருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், வாரன்டி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆகவில்லையா, அடாப்டர் மேல் இனிச் சந்தேகம் வேண்டாம்.

இதே உட்காரலில் ஓர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான அடாப்டர்களில் பிரவுசர் வழியாகத் திறக்கும் ஒரு பக்கம் இருக்கும், முகவரி கையேட்டிலோ பெட்டியின் அடியிலோ அச்சிட்டிருக்கும். அந்த முகவரி உங்கள் ரவுட்டரின் வரிசையில் இல்லை என்றால் லேப்டாப்புக்குத் தற்காலிகமாக அதே வரிசையில் ஒரு முகவரி கொடுத்தால்தான் பக்கம் திறக்கும். உள்ளே ஃபை ரேட் என்று ஓர் அட்டவணை இருக்கும். இரண்டு அடாப்டர்கள் ஒன்றோடொன்று எந்த வேகத்தில் பேச முடிகிறது என்பதை இரண்டு திசைக்கும் தனித்தனியாகக் காட்டும். மோகா 2.5-இல் நல்ல வயரில் இது 3500 மெகாபிட்டை ஒட்டி வரும். இதிலிருந்துதான் நமக்குக் கைக்கு 2500 கிடைக்கிறது, மீதி நிர்வாகச் செலவு.

இந்த எண் ஸ்பீட் டெஸ்ட்டைவிட ஆயிரம் மடங்கு உபயோகமானது. உங்கள் இன்டர்நெட் 500 மெகாபிட்தான் என்றால் ஃபை ரேட் பாதியாக இறங்கினாலும் ஸ்பீட் டெஸ்ட் அதே 500-ஐத்தான் காட்டும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மேஜையில் வந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இனி ஒவ்வொரு துண்டு வயரையும் ஸ்பிளிட்டரையும் சேர்க்கும்போது எங்கே எண் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் முழு வைத்தியமும்.

படி 4: வீட்டு வயரை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாள் எடுத்து, தெருவிலிருந்து வரும் வயர் எங்கே நுழைகிறது, முதல் ஸ்பிளிட்டர் எங்கே, அதிலிருந்து எந்த அறைக்கு எது என்று வரையுங்கள். வீட்டு வெளிச்சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பேஸ்மென்ட், கராஜ், அட்டிக், துணி அலமாரிக்குள் இருக்கும் பேனல், இவற்றில்தான் இருக்கும். எந்த வயர் எந்த அறைக்கு என்று தெரியவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, எந்த அடாப்டரின் கோஆக்ஸ் விளக்கு அணைகிறது என்று பாருங்கள். டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சாட்டிலைட் டிஷ், சிக்னலைப் பெருக்கும் பவர் பிளக் உள்ள ஆம்பிளிஃபயர் ஆகியவற்றின் கோஆக்ஸில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வெளிப்பெட்டியில் தடிமனாக ஒரு தரை வயர் போகும், அதைத் தொடாதீர்கள், இடி மின்னலுக்காக இருப்பது அது.

படம் வரைந்ததும் பாருங்கள், வீட்டில் இருக்கும் வயரில் உங்களுக்குத் தேவையானது எத்தனை? எங்கள் வீட்டில் எட்டு அறைக்கு வயர் போகிறது, பயன்படுவது மூன்று. மிச்சம் ஐந்தும் சிக்னலைக் குடித்துக்கொண்டு சும்மா கிடந்தன. தேவையில்லாததை எல்லாம் ஸ்பிளிட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபைபர் இன்டர்நெட் வைத்திருப்பவர்கள், கேபிள் டிவியும் இல்லாதவர்கள், இரண்டே அறைகளை இணைப்பவர்கள் என்றால் ஸ்பிளிட்டரே வேண்டாம், இரண்டு வயர் முனைகளையும் ஒரு பேரல் கனெக்டரால் நேராக இணைத்துவிடுங்கள். இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

படி 5: ஸ்பிளிட்டர்

கையில் எடுத்து முகத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். என் வீட்டில் இருந்ததில் 5 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. மோகா ஆரம்பிப்பதே 1125-இல், அது இவ்வளவு நாள் ஓடியதே ஆச்சரியம். 5 முதல் 1675 வரை என்று அச்சிட்ட மோகா ஸ்பிளிட்டர் வாங்குங்கள். 2400 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிய எண் போட்டதைப் பார்த்து மயங்க வேண்டாம், அவை பெரும்பாலும் சாட்டிலைட்டுக்கானவை, ஒரு வெளி முனைக்கும் இன்னொரு வெளி முனைக்கும் நடுவில் அடைப்பு மிகக் கெட்டியாக இருக்கும்.

வேண்டிய அளவுக்கே வாங்குங்கள். இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபெல் தின்னும், அதாவது சிக்னலில் பாதிக்கு மேல் போய்விடும். நான்கு வழி என்றால் 7, எட்டு வழி என்றால் 10-க்கும் மேல். ஒரு ஸ்பிளிட்டருக்குப் பின்னால் இன்னொன்று என்று தொடராகப் போட்டால் எல்லாம் கூடிக்கொண்டே போகும். மூன்று வழி ஸ்பிளிட்டர் பலவற்றில் ஒரு முனை 3.5, மற்ற இரண்டும் 7 என்று சமமில்லாமல் இருக்கும், அதையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். காலியாக விட்ட முனைகளில் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற குட்டி மூடியைத் திருகுங்கள், நாலு டாலருக்குக் கைப்பிடி நிறையக் கிடைக்கும்.

வெளி முனையில் மாட்ட வேண்டிய வயரை உள் முனையில் மாட்டி வைத்திருப்பதும் நிறைய நடக்கிறது. உள் முனை எது என்று பார்த்து, தெருவிலிருந்து வரும் வயர் அதில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

படி 6: கனெக்டர், இங்கேதான் பெரும்பாலும் திருடன் ஒளிந்திருப்பான்

ஸ்பிளிட்டரை மாற்றியதும் என் ஃபை ரேட் 1900-இலிருந்து 2800-க்கு ஏறியது. ஆனாலும் நாளுக்கு ஒரு தடவை கட் ஆனது. அப்புறம் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மாடி அறை வயரின் முனையில் நடுச் செம்புக் கம்பி சரியாக நின்றது. அதைச் சுற்றியுள்ள வெள்ளை நுரை மேல், வெளிப் பின்னலிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனானது, வளைந்து நடுக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. விரல் நகத்தால் தள்ளினால் விலகியது, விட்டால் மெல்ல திரும்பி வந்தது. வீடு சூடேறிக் குளிரும்போதெல்லாம் அந்த இழை நகர்ந்து தொட்டிருக்க வேண்டும். முனையை வெட்டி எறிந்துவிட்டு புதுக் கனெக்டர் போட்டேன், அன்றோடு நின்றது.

நீங்கள் பார்க்க வேண்டியவை: நடுக் கம்பி கனெக்டரின் விளிம்பைவிட மிகக் கொஞ்சம், இரண்டு மூன்று மில்லிமீட்டர், வெளியே நீட்டியிருக்க வேண்டும். உள்ளே புதைந்திருந்தால் பாதி நேரம்தான் தொடும். வெள்ளை நுரை கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். கம்பியில் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ பிடித்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கனெக்டரைப் பிடித்து வயரை மெல்ல இழுத்தால் ஆடக்கூடாது. கையால் அமுக்கித் திருகும் மலிவுக் கனெக்டரும், இடுக்கியால் நசுக்கிய பழைய வளையமும் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கம்ப்ரஷன் கனெக்டர், அதற்கான வெட்டும் கருவி, அமுக்கும் கருவி மூன்றும் சேர்ந்த செட் ஒன்று வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும். முதல் நாலைந்து முனை கோணலாகத்தான் வரும், மிச்சத் துண்டு வயரில் பழகிக்கொண்டு சுவர் வயருக்கு வாருங்கள்.

எல்லா இணைப்பையும் கையால் இறுக்கியபின் 7/16 அங்குல ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம், கால் சுற்று அளவுக்கு, இறுக்குங்கள். கை இறுக்கம் மட்டும் போதாது, ஆனால் சுவர்த் தட்டில் பலம் காட்டினால் உள்ளே பேரல் திரும்பிவிடும். சுவர்த் தட்டைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது, அதன் பின்னால் யாரும் பார்க்காத ஒரு கனெக்டர் இருக்கிறது. பழைய பேரல்கள் 1 கிகாஹெர்ட்ஸுக்கானவை. 3 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டதை வாங்கி மாற்றுங்கள், ஒன்று இரண்டு டாலர்தான்.

வயரின் மேலே ஆர்ஜி 6 என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி. ஆர்ஜி 59 என்றால் மெலிந்த பழைய வயர், குறைந்த தூரத்துக்கு ஓடும், நீண்ட தூரத்துக்குச் சிரமப்படும். கனெக்டரும் அந்தந்த வயருக்கு வேறு, கலந்து போடாதீர்கள். ஸ்டேபிள் அடித்து நசுங்கிய இடம், கதவு இடுக்கில் மடிந்த இடம் இருந்தால் அந்த வயரே மாற வேண்டும்.

படி 7: ஃபில்டர், மோடம், நடுவில் குறுக்கிடும் பெட்டிகள்

தெரு வயர் வீட்டுக்குள் வந்து முதல் ஸ்பிளிட்டரில் நுழையும் இடத்தில் ஒரு மோகா ஃபில்டர் இருக்க வேண்டும். விரல் நுனி அளவு உருளை, திருகினால் முடிந்தது. உங்கள் மோகா தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அடாப்டரோடு கலந்துவிடாமல் தடுக்கும். அதைவிட, வெளியே ஓடப் பார்க்கும் சிக்னலை உள்ளேயே திருப்பி அடிப்பதால் அறைக்கு அறை இணைப்பும் பலமாகும். இது இல்லாத வீட்டில் இதைப் போட்ட மாத்திரத்தில் சரியானதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இடம் தப்பிப்போய் இரண்டு மோகா அடாப்டர்களுக்கு நடுவில் மாட்டினால் இணைப்பே வராது.

மோடம் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. டாக்சிஸ் 3.1 என்ற கேபிள் இன்டர்நெட் தரத்தில் ஓடும் மோடம்கள் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியவை, மோகாவோ 1125-இல் ஆரம்பிக்கிறது. சில மோடம்கள் மோகாவின் பலமான சிக்னலில் தடுமாறி இணைப்பை விட்டுவிடும். வெளி முகவரி மட்டும் நிற்கிறது, மோடம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மோகா அடாப்டர்களை ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாள் மோடம் ஒழுங்காக இருந்தால் காரணம் இதுதான். தெரு வயரை முதலில் ஓர் இரண்டு வழி ஸ்பிளிட்டரில் விடுங்கள். அதன் ஒரு முனை நேராக மோடத்துக்குப் போகட்டும், மற்ற முனையில் மோகா ஃபில்டரை மாட்டி, அதற்குப் பின்னால் வீட்டு ஸ்பிளிட்டரை வையுங்கள். மோகா மோடத்தையும் எட்டாது, தெருவையும் எட்டாது. ரவுட்டர் பக்க அடாப்டர் அந்த வீட்டு ஸ்பிளிட்டரிலிருந்து வரும் தனி வயரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதற்கு இரண்டாவது வயர் இல்லாத அறை என்றால் மோடம் முன்னாலேயே ஒரு ஃபில்டர் போடலாம்.

ஆம்பிளிஃபயர் இருந்தால், மோகாவுக்கு வழிவிடும் வகை என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கழற்றுங்கள். தேவையில்லாத அறை வயர்களைக் கழற்றியபின் அது பெரும்பாலும் தேவைப்படாது. சாட்டிலைட் டிவி வயரில் மோகா போட முயலாதீர்கள், அது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பிடித்துக்கொள்கிறது, இரண்டும் மோதும். அப்புறம், கோஆக்ஸ் ஓட்டை வைத்த பவர் ஸ்ட்ரிப். மின்னலுக்குப் பாதுகாப்பு என்று பலர் வயரை அதன் வழியாக விட்டிருப்பார்கள். மோகா அலைவரிசையை அது அநேகமாக விழுங்கிவிடும். வயரை நேராக அடாப்டரில் மாட்டுங்கள்.

படி 8: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்

எல்லாம் மாற்றியாயிற்று என்று ஒரே மூச்சில் முழு வீட்டையும் இணைக்காதீர்கள். ரவுட்டர் அறை வயரும் ஒரே ஒரு தூர அறை வயரும் மட்டும் முதலில். ஃபை ரேட் பாருங்கள், ஒரு நாள் பிங் ஓடட்டும். அப்புறம் அடுத்த அறை. புதிதாக ஒன்றைச் சேர்த்ததும் எண் இறங்கினால் அந்த அறையின் வயர்தான், தேட வேண்டிய இடம் பத்து அடிக்குள் வந்துவிட்டது. அட்டவணையில் ஒரு திசை 3400, எதிர்த் திசை 1500 என்று கோணலாக வந்தாலும் விடாதீர்கள், பெரும்பாலும் அங்கே ஒரு கனெக்டர் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வரைந்த படத்தில் ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் அதன் ஃபை ரேட்டையும் தேதியையும் எழுதி, ஸ்பிளிட்டர் இருக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் மூன்று அறைக்கும் இப்போது 3300-க்கு மேல் நிற்கிறது. பனிக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கோடை முடிந்ததும் ஒரு தடவை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன், ஐந்து நிமிட வேலைதான்.